14 நாள் கழித்துத்தான் தெரியும்: சிறு குழந்தைகளிடம் இரும்பு உறிஞ்சுதலை அளக்கப் போகிறவர்களுக்கு

ஒரு குழந்தைக்கு இரும்புச்சத்து சேர்த்த கஞ்சி ஒரு கிண்ணம் ஊட்டுகிறோம். அந்தக் கஞ்சியில் இருந்த இரும்பில் எவ்வளவு உடம்பில் சேர்ந்தது? கேள்வி இவ்வளவுதான். நிலையான ஐசோடோப்பு முறையில் (ஒரே தனிமத்தின், எடையில் மட்டும் வேறுபடும் கதிரியக்கமில்லாத அணுக்களை அடையாளமாக வைத்து அளப்பது) இதற்கு விடை தேடுகிறவர்களுக்கு ஆய்வுக் கட்டுரைகளின் செய்முறைப் பகுதி ஒன்றரைப் பக்கம் வழி சொல்லும். ஆளைக் கவிழ்ப்பதெல்லாம் அந்த ஒன்றரைப் பக்கத்தில் இல்லாத விஷயங்கள். அதைவிடக் கொடுமை, ஊட்டிய அன்று காலை நடந்த தவறு அன்றைக்குத் தெரியாது. 14 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அது ஆய்வகம் போய், மாதக்கணக்கில் வரிசையில் காத்திருந்து, கடைசியில் ஓர் எண்ணாக வரும்போதுதான் தெரியும். பல சமயம் அப்போதும் தெரியாது, ஏனென்றால் தவறான எண்ணும் நம்பும்படியாகத்தான் இருக்கும். வயிற்றைக் கலக்குவது அதுதான்.

முதலில் கணக்கைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இயற்கையில் உள்ள இரும்பில் 91.75 சதவீதம் இரும்பு-56. இரும்பு-54 சுமார் 5.85, இரும்பு-57 சுமார் 2.12, இரும்பு-58 வெறும் 0.28 சதவீதம். இதில் எதுவும் கதிரியக்கம் உள்ளதல்ல. 1940களில் அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்கேகூடக் கதிரியக்க இரும்பு கொடுத்து அளந்தார்கள். இன்று குழந்தைகளிடம் அதை நினைத்துப் பார்க்கவும் முடியாது. அதனால் 57 அல்லது 58 செறிவூட்டிய இரும்பை உணவில் கலந்து கொடுத்து, 14 நாள் கழித்து ரத்தத்தில் அந்த ஐசோடோப்பின் விகிதம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கிறோம். உறிஞ்சிய இரும்பு எலும்பு மஜ்ஜைக்குப் போய், புதிய சிவப்பணுக்களில் ஏறி, ரத்த ஓட்டத்துக்கு வந்து சேரத்தான் அந்த 14 நாள். மிகச் சிறு சிசுக்களிடம் 28 நாள் வரை காத்திருந்த ஆய்வுகளும் உண்டு.

10 கிலோ எடையுள்ள குழந்தை என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 75 மில்லி என்று எடுத்தால் ரத்தம் 750 மில்லி. ஹீமோகுளோபின் லிட்டருக்கு 105 கிராம். ஒரு கிராம் ஹீமோகுளோபினில் 3.47 மில்லிகிராம் இரும்பு. பெருக்கினால் ரத்தத்தில் ஓடும் இரும்பு சுமார் 273 மில்லிகிராம். அதில் இயற்கையாகவே இருக்கும் இரும்பு-57 சுமார் 5.8 மில்லிகிராம். நீங்கள் 2 மில்லிகிராம் இரும்பு-57 கொடுத்து, அதில் 10 சதவீதம் உறிஞ்சப்பட்டு, உறிஞ்சியதில் 80 சதவீதம் சிவப்பணுவில் ஏறினால், சேர்வது 0.16 மில்லிகிராம். அதாவது விகிதம் 2.8 சதவீதம் நகரும். இந்த 2.8 சதவீத நகர்வுதான் உங்கள் மொத்த ஆய்வும். பெற்றோரிடம் ஒப்புதல் பேசும்போதும் இந்தக் கணக்கு உதவும்: 'புதிதாக எதையும் ஏற்றவில்லை, இதே இரும்பு ஏற்கெனவே 5.8 மில்லிகிராம் குழந்தையின் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது' என்று சொன்னால் 'ஐசோடோப்பு' என்ற சொல்லைக் கேட்டு வரும் பயம் பாதி குறையும்.

இரும்பு-58 இயற்கையில் குறைவு என்பதால் கால் மில்லிகிராமுக்குச் சற்று மேலே கொடுத்தாலே அதே அளவு நகர்வு கிடைக்கும். ஆனால் அதன் விலை 57ஐப் போலப் பல மடங்கு. எனவே பெரிய அளவில் போகவேண்டிய இரும்புக்கு 57, ஒப்பீட்டுக்கான சிறிய டோஸுக்கு 58 என்று பிரித்துக்கொள்வது வழக்கம். வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். செறிவூட்டிய 57 முழுக்க 57 அல்ல. கூடவே கொஞ்சம் 58 இருக்கும். உதாரணமாக 1 சதவீதம் இருந்தால், 2 மில்லிகிராம் டோஸில் 0.02 மில்லிகிராம் 58 ஒளிந்திருக்கிறது. அதே குழந்தைக்கு நீங்கள் 0.2 மில்லிகிராம் 58 கொடுத்திருந்தால், இந்தக் கலப்பு மட்டுமே அதில் பத்தில் ஒரு பங்கு. எந்த ஐசோடோப்பு எத்தனை சதவீதம் என்ற சான்றிதழ் இல்லாமல் பொருளைக் கையில் வாங்காதீர்கள். கடைசிக் கணக்கில் இரண்டு சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்க்க அந்த எண்கள் வேண்டும்.

ஐசோடோப்பு பெரும்பாலும் உலோகத் தூளாகவே வரும். அதை நீர்த்த கந்தக அமிலத்தில் கரைத்து, எளிதில் கரையும் இரும்பு உப்பான ஃபெரஸ் சல்பேட் ஆக்க வேண்டும். கரைசல் காற்றுபட்டு, எளிதில் கரையாத ஃபெரிக் வடிவமாக மாறாமல் இருக்க ஆர்கான் செலுத்தி, டெஃப்லான் குப்பியில் மூடி வைக்கிறார்கள். நிறமற்று இருந்த கரைசல் மஞ்சள் பாரித்தால் ஃபெரிக் ஆகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அமிலம் போதாவிட்டால் துருநிறத்தில் அடியில் படியும். பக்கச் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட குப்பியைக் குலுக்கிச் சமாளித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம், அதில் டோஸ் எவ்வளவு என்று இனி யாருக்கும் தெரியாது. கரைசலின் செறிவையும் கரைத்த எடையை வைத்து முடிவு செய்யாமல், ஐசோடோப்பு நீர்த்தல் முறையில் (அளவு தெரிந்த வேறோர் ஐசோடோப்பைக் கலந்து விகிதம் பார்ப்பது) அளந்து உறுதி செய்யுங்கள்.

டோஸை பிப்பெட்டில் அளக்காமல் தராசில் நிறுத்துப் பிரியுங்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் குப்பி, ஒவ்வொரு குப்பிக்கும் நான்கு தசம இடத் தராசில் தனி எடை. இதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. நிறுத்து மூடிய குப்பியிலிருந்து பிறகு கொஞ்சம் தண்ணீர் ஆவியானாலும் கவலையில்லை, இரும்பு அதே அளவில்தான் உள்ளே இருக்கும். ஆவியாவது மூலக் குப்பியில் நடந்தால்தான் வம்பு: முதல் குழந்தைக்கும் முப்பதாவது குழந்தைக்கும் ஒரே எடையில் வெவ்வேறு அளவு இரும்பு போய்விடும். அதனால் எல்லாக் குப்பிகளையும் ஒரே நாளில் நிறுத்து முடிப்பது நல்லது. வாயில் போகிற பொருள் என்பதால் கிருமிப் பரிசோதனைக்கும் சில குப்பிகளைக் கூடுதலாகச் செய்து வையுங்கள்.

அடுத்த பள்ளம் யாரும் எதிர்பாராத இடத்தில் இருக்கிறது. கரையக்கூடிய ஐசோடோப்புக் கரைசலை எந்த உணவில் ஊற்றினாலும் அந்த உணவின் இரும்பையெல்லாம் அது பிரதிநிதித்துவம் செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். தானியத்தில் இயல்பாக உள்ள இரும்புக்கும் ஃபெரஸ் சல்பேட்டுக்கும் அது பொருந்தும், குடலில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். ஆனால் ஃபெரிக் பைரோபாஸ்பேட், உலோக இரும்புத் தூள் மாதிரி சரியாகக் கரையாத சேர்மங்கள் அப்படிக் கலக்காது. அந்த உணவில் ஃபெரஸ் சல்பேட் கரைசலை ஊற்றி அளந்தால், நீங்கள் அளப்பது ஃபெரஸ் சல்பேட்டை மட்டும்தான். பொட்டலத்தில் இருக்கும் சேர்மத்தைப் பற்றி ஒன்றும் தெரியவராது. அந்தச் சேர்மத்தையே ஐசோடோப்பை வைத்துத் தயாரிக்கச் சொல்ல வேண்டும். துகளின் அளவும் சந்தையில் உள்ளதோடு ஒத்திருக்க வேண்டும், நுணுக்கினால் உறிஞ்சுதல் ஏறிவிடும். இதற்கு மாதங்கள் ஆகும் என்பதைத் திட்ட அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள். கூடவே, ஏற்கெனவே 2 மில்லிகிராம் இரும்பு சேர்த்த உணவில் இன்னும் 2 மில்லிகிராம் ஐசோடோப்பைக் கூட்டினால் குழந்தை சாப்பிடுவது 4 மில்லிகிராம். உண்மையில் யாரும் சாப்பிடாத உணவு அது. இரும்பு சேர்க்காத கஞ்சியை வாங்கி, சேர்க்க வேண்டிய இரும்பு முழுவதையும் ஐசோடோப்பாகவே கொடுப்பதுதான் சரி.

குழந்தைகளைத் தேர்வு செய்யும்போது ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதம்) மட்டும் பார்த்தால் போதாது. சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறும். ஹெப்சிடின் ஏறினால் குடல் இரும்பை உள்ளே விடாது. அதே அழற்சி ஃபெரிட்டினையும் ஏற்றிக் காட்டும். ஆகவே அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதங்களான சிஆர்பி, ஏஜிபி இரண்டையும் அளந்து, காய்ச்சல் விட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்தே ஊட்டுங்கள். இரும்புச் சொட்டு மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் நேற்றைய டோஸ் இன்றைய உறிஞ்சுதலைக் குறைக்கும். ஆய்வுக் காலத்துக்கு மட்டும் மருத்துவர் சம்மதத்தோடு நிறுத்தி, கடைசி ரத்தம் எடுத்த அன்றே மறுபடி தொடங்குங்கள். கடும் ரத்தசோகை உள்ள குழந்தையை ஆய்வில் சேர்க்கக் கூடாது, அதற்கு உடனே சிகிச்சைதான். பழைய விண்ணப்பப் படிவத்தை நகலெடுத்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கு ரத்தசோகை வரம்பை உலக சுகாதார நிறுவனம் 2024இல் 110இலிருந்து 105 கிராமாக மாற்றிவிட்டது.

இனி ஊட்டும் காலை. முழு ஆய்வும் நிற்பதோ விழுவதோ இந்த அரை மணி நேரத்தில்தான். ஐசோடோப்பைத் தொடுவதற்கு முன், அதே அமிலத்தில் கரைத்த சாதாரண ஃபெரஸ் சல்பேட்டைக் கஞ்சியில் கலந்து ஐந்தாறு குழந்தைகளுக்கு ஒத்திகை ஊட்டல் செய்யுங்கள் (இதையும் ஒப்புதலில் எழுத வேண்டும்). அமிலமும் இரும்பும் சேர்ந்தால் வாயில் காசு வைத்ததுபோல் ஒரு சுவை வரும். சில தானியங்களில் உள்ள பாலிஃபீனாலோடு சேர்ந்து கஞ்சி சாம்பல் பச்சையாகும். முதல் ஸ்பூனை வாங்கிய குழந்தை இரண்டாவதுக்கு உதட்டை இறுக்கிக்கொள்ளும். இதை ஒத்திகையில் கண்டுபிடித்தால் இனிப்பைக் கொஞ்சம் கூட்டியோ கஞ்சியின் அளவை மாற்றியோ சரி செய்யலாம். உண்மையான டோஸில் கண்டுபிடித்தால் செய்ய ஒன்றுமில்லை.

அளவு விஷயத்தில் ஆசைப்பட வேண்டாம். குழந்தை வழக்கமாகச் சாப்பிடுவதைவிடக் கொஞ்சம் குறைவாகவே வையுங்கள். முழுக்க முடிப்பதுதான் முக்கியம். ஐசோடோப்பை முதல் சில ஸ்பூனிலேயே கலந்து கொடுத்துவிட்டால் வீணாகாது என்று சிலர் சொல்வார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. அப்போது அந்த இரும்பு, கஞ்சியிலுள்ள, இரும்பைப் பிடித்து வைக்கும் ஃபைட்டேட்டோடு அதே விகிதத்தில் சேராது. உறிஞ்சுதல் கூடுதலாகக் காட்டும். மொத்தக் கஞ்சியிலும் சீராகக் கலப்பதே நேர்மை. வைட்டமின் சி சேர்ப்பதாக இருந்தால் அதையும் முன்கூட்டியே நிறுத்துப் பொட்டலம் போட்டு, கஞ்சி ஆறிய பிறகு, ஊட்டும் நேரத்தில் கலக்குங்கள். ஓர் இரும்பு அணுவுக்கு இரண்டு மூலக்கூறு என்ற வழக்கமான விகிதத்தில் 2 மில்லிகிராம் இரும்புக்கு 12.6 மில்லிகிராம் வைட்டமின் சி வேண்டும். கொதிக்கும் கஞ்சியில் போட்டு மூடிவைத்தால் ஊட்டும்போது அதில் எவ்வளவு மிச்சம் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஊட்டுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பும், அதே அளவு பின்பும் வேறு உணவோ பாலோ கூடாது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையிடம் இதைக் கடைப்பிடிப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம். அம்மாவின் மடியில் உட்கார்ந்துகொண்டு பால் இல்லையென்றால் எந்தக் குழந்தைதான் சும்மா இருக்கும்? ஊட்டி முடித்ததும் அம்மாவை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு, அப்பாவோ பாட்டியோ தூக்கி வைத்துக்கொள்வது பல நேரம் கைகொடுக்கும். குழந்தை தூங்கும் நேரம் ஊட்டலுக்கு அடுத்தாற்போல் வரும்படி அமைத்தால் இன்னும் நல்லது. பசியோடு காத்திருக்கும் அம்மாவுக்கும் சாப்பாடு ஏற்பாடு செய்யுங்கள், ஆனால் குழந்தை கண்ணில் படாமல்.

கிண்ணம், ஸ்பூன், கழுத்துத் துணி, துடைக்கும் டிஷ்யூ எல்லாவற்றையும் முன்பே நிறுத்து எண் போட்டு வையுங்கள். டோஸ் குப்பியைக் கஞ்சியில் கவிழ்த்த பிறகு, மிகத் தூய நீரில் மூன்று முறை அலசி அந்த நீரையும் கஞ்சியிலேயே ஊற்றுங்கள். சாப்பிட்டு முடித்த கிண்ணத்தையும் கொஞ்சம் நீர் விட்டுச் சுரண்டி அலசி ஊட்டுங்கள். 60 கிராம் கஞ்சியில் ஒன்றரை கிராம் ஒட்டிக்கொண்டு நின்றால் டோஸில் 2.5 சதவீதம் போய்விட்டது. எழுதி வைத்தால் கழித்துக்கொள்ளலாம், எழுதாவிட்டால் அது குழந்தையின் உடம்பில் போனதாகவே கணக்காகும். துப்பியதைத் துடைத்த டிஷ்யூவை உடனே மூடிய பையில் போட்டு நிறுக்க வேண்டும், ஆறவிட்டால் ஈரம் போய் எடை குறையும். துப்பியதில் எச்சிலும் கலந்திருப்பதால் இழப்பு உண்மையைவிடச் சற்று அதிகமாகக் காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம். வாந்தி எடுத்துவிட்டால் பேரம் பேசக் கூடாது. அந்தக் குழந்தைக்கு அன்றைய டோஸ் போனது போனதுதான். மறுநாளே திரும்ப ஊட்டவும் முடியாது, ஏனென்றால் வாந்திக்கு முன் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. 14 நாள் காத்திருந்து, ரத்தம் எடுத்து, அதையே புதிய ஆரம்ப அளவாக வைத்துத்தான் மறுபடி தொடங்கலாம். கையில் பத்து சதவீதமாவது கூடுதல் டோஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

இப்போது எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து. மேலே சொன்ன குழந்தையின் ஒரு மில்லி ரத்தத்தில் சுமார் 0.36 மில்லிகிராம் இரும்பு. அதில் இயற்கையான இரும்பு-58 சுமார் ஒரு மைக்ரோகிராம். டோஸ் குப்பியிலிருந்து கையுறையில் தெறித்த கரைசலில் 0.03 மைக்ரோகிராம் இரும்பு-58 அந்த ரத்தக் குப்பிக்குள் போனால் போதும், 10 சதவீதம் உறிஞ்சியதற்குச் சமமான நகர்வு வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி, ஒரு நல்ல முடிவாக வேடம் போட்டு வரும். அதனால் டோஸைத் தொடுகிறவர் ரத்தத்தைத் தொடக் கூடாது. ஒரே மேஜை கூடாது, ஒரே பேனாவும் கூடாது. ஆரம்ப ரத்தத்தை ஊட்டலுக்கு முன்பே எடுத்து, மூடி, அந்த அறையை விட்டே வெளியேற்றிவிடுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், புதிதாக வருகிறவர்கள் பயப்படுவது இதற்கல்ல. ஊசியின் எஃகிலிருந்து இரும்பு வந்துவிடுமோ, ரத்தம் உறைந்துவிட்டதே, சிவப்பணு உடைந்துவிட்டதே என்றுதான் பதறுவார்கள். ரத்தத்தில் இருக்கும் இரும்புக்கு முன்னால் ஊசியிலிருந்து வருவது தூசு. உறைந்த ரத்தத்திலும் சிவப்பணுவின் ஐசோடோப்பு விகிதம் மாறாது. நாம் அளப்பது விகிதம், அளவு அல்ல. கொஞ்சம் சிந்தினாலும் விகிதம் அப்படியே இருக்கும். ஆனால் ஹீமோகுளோபினுக்கு உறையாத ரத்தம் வேண்டும், ஃபெரிட்டினுக்கும் சிஆர்பிக்கும் சிவப்பணு உடையாத பிளாஸ்மா வேண்டும். அந்த இரண்டையும் அன்றே முடித்துவிட்டு, மீதியைப் பிரித்து உறைய வையுங்கள். குப்பியில் ஒட்டும் தாள் உறைநிலையில் உரிந்துவிழும்; உறைநிலைக்கென்றே உள்ள தாளில், மூடியிலும் பக்கத்திலும் இரண்டு இடத்தில் எண் எழுதுங்கள். ஊசி குத்துமிடத்தில் மரத்துப்போகும் களிம்பை ஒரு மணி நேரம் முன்பே பூசுங்கள். இரண்டு முறைக்கு மேல் குத்தக் கூடாது என்று முன்பே விதி வைத்துவிடுங்கள். அழுதுகொண்டே போகும் குழந்தையின் அம்மா 14 நாள் கழித்துத் திரும்பி வருவாரா என்பதையே பெரும்பாலும் அந்த முதல் ஊசிதான் தீர்மானிக்கிறது.

ஆய்வகத்தில் நடப்பதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ரத்தத்தை நைட்ரிக் அமிலம், ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்து மைக்ரோவேவில் கரைத்து, வலுவான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் எதிரயனிப் பிசினில் ஏற்றுவார்கள். இரும்பு பிசினில் ஒட்டும், மற்றவை கழுவிப்போகும், பிறகு நீர்த்த அமிலத்தில் இரும்பை இறக்குவார்கள். இரும்பு முழுவதும் இறங்கும்வரை கழுவ வேண்டும். பாதியில் நிறுத்தினால் பிசினே ஐசோடோப்புகளைச் சற்றுப் பிரித்துவிடும். சாதாரண நான்முனை ஐசிபி-எம்எஸ் (ஆர்கான் பிளாஸ்மாவில் அயனியாக்கி, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவி) இதற்கு உதவாது, ஆர்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த துகள் சரியாக 56 என்ற எடையில் வந்து உட்காரும். பல உணரிகள் கொண்ட ஐசிபி-எம்எஸ் அல்லது வெப்ப அயனியாக்கக் கருவிதான் வேண்டும். 58இல் நிக்கலும் 54இல் குரோமியமும் இடைஞ்சல் தருவதால் அவற்றையும் கூடவே கண்காணிக்க வேண்டும். ஆரம்ப விகிதத்துக்கு, ஒப்பீட்டுக்கென்று சான்றளிக்கப்பட்ட இரும்பு மாதிரியின் எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள். மனித ரத்த இரும்பு இயல்பிலேயே சற்று இலேசானது. 57/56 விகிதத்தில் ஆயிரத்துக்கு ஒன்று, ஒன்றரை அளவு குறைவு. நம் 2.8 சதவீத நகர்வில் அது இருபதில் ஒரு பங்குக்கு அருகில் வரும். அந்தந்தக் குழந்தையின் ஆரம்ப ரத்தமே அதற்கான அளவுகோல்.

கணக்குப் போடும்போது இயந்திரத்தின் துல்லியத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அது தசமத்தில் இரண்டு மூன்று இடம் வரை சரியாகச் சொல்லும். பெரிய பிழைகள் தராசிலும் அனுமானத்திலும் இருக்கின்றன. குழந்தையை உடையோடு நிறுத்து 10 கிலோவை 10.3 என்று எழுதினால் முடிவு 3 சதவீதம் ஏறும். விரல் நுனி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 105க்குப் பதில் 112 காட்டினால் இன்னும் 6 சதவீதத்துக்கு மேல். ரத்த அளவுக்கு நேராகக் கிலோவுக்கு இத்தனை மில்லி என்று போடுவதைவிட, லிண்டர்காம்ப் குழுவினர் 1977இல் கொடுத்த, உயரமும் எடையும் சேர்ந்த சூத்திரங்களைப் பயன்படுத்துங்கள். சிவப்பணுவில் ஏறும் பங்கைச் சிலர் 80 என்கிறார்கள், சிலர் 90 என்கிறார்கள். அதே ரத்தம் முதல் கணக்கில் 10 சதவீத உறிஞ்சுதல், இரண்டாவதில் 8.9. எதை எடுத்தீர்கள் என்று எழுதாத ஆய்வை இன்னொரு ஆய்வோடு ஒப்பிடவே முடியாது. ஒரே குழந்தைக்கு இரண்டு உணவையும் கொடுத்து ஒப்பிட்டால் இந்தப் பிழைகளில் பெரும்பாலானவை இரண்டு பக்கமும் ஒன்றாக வந்து கழிந்துபோகும். 57இல் ஒன்றும் 58இல் ஒன்றுமாக அடுத்தடுத்த நாளில் கொடுப்பது இதனால்தான். எந்த ஐசோடோப்பு முதலில் என்பதைப் பாதிக் குழந்தைகளுக்கு மாற்றிப்போடுங்கள். உறிஞ்சுதல் ஆளுக்கு ஆள் பத்து மடங்குகூட மாறும் என்பதால் சாதாரண சராசரி ஏமாற்றும். மடக்கை எடுத்துப் பெருக்கல் சராசரி போட வேண்டும்.

பட்டியலில் எல்லோரும் 5க்கும் 15க்கும் நடுவில் இருக்க, ஒரு குழந்தைக்கு மட்டும் 48 என்று வந்து நிற்கும். இரும்புக் குறைபாடு கடுமையாக இருந்தால் அப்படியும் வரலாம், தெறித்த ஒரு துளியாலும் வரலாம். ஃபெரிட்டின் மிகக் குறைவாக இருந்து, 57, 58 இரண்டுமே ஏறியிருந்தால் குழந்தையை நம்பலாம். ஃபெரிட்டின் நன்றாக இருந்து, 58 மட்டும் ஏறி, 57 பேசாமல் இருந்தால் ஊட்டிய அன்றைய நோட்டை எடுத்து, அந்தக் குப்பியைத் திறந்தது யார் என்று பாருங்கள். பிறகு உறைய வைத்த இரண்டாவது ரத்தக் குப்பியைப் பிரித்து முதலிலிருந்து அளக்கலாம், ரத்தம் எடுத்த அன்றே இரண்டாகப் பிரித்து வைத்திருந்தால்.